ரஷ்யக் கோடீஸ்வரருக்குப் போர்த்திய சால்வை

நவம்பர் 14, வெள்ளி. இக்காஸ்ட், டென்மார்க்.

நான் வேலை செய்யும் சிறுவர் காப்பகத்துக்கு நீச்சல் தடாகம் கட்டித் தந்த ரஷ்யக் கோடீஸ்வரர் இன்று வந்தார். சந்தையில் துணி விற்கத் தொடங்கி ஆலைகளுக்கு முதலாளியானவர். இப்போது நடக்க முடியாத பிள்ளைகளுக்கே அள்ளிக் கொடுக்கிறார். சுவரில் தன் பெயரைப் போடக்கூட விடவில்லை.

டெனிஷ்காரர் கைகுலுக்கிக் கோப்பி கொடுத்ததோடு சரி. எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டு அலுமாரியிலிருந்து எடுத்துப்போன பொன்னாடையைப் போர்த்திவிட்டேன். மேலாளரின் முகம் போன போக்கைப் பார்த்தால், திங்கட்கிழமை எப்படி வேலைக்குப் போவதென்று தெரியவில்லை.

கோடீஸ்வரரோ சால்வையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏற்கெனவே இரண்டு பேருக்குப் போர்த்தியிருக்கிறீர்கள். வெவ்வேறு இரண்டு பேர் மடித்த தடம் இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில், சிரித்தபடி.

"ஒருவருக்குத்தான். தமிழ்ப் பள்ளியில் படிப்பித்ததற்காக என் கணவருக்கு," என்று உண்மையைச் சொன்னேன்.

"இரண்டு," என்றார். ஆனால் கழற்றவில்லை. மழைக்குள் கார்வரை அதோடேயே போனார்.

எவ்வளவு பெரிய மனிதர்! எண்ணிக்கையில் மட்டும் பிழைவிட்டுவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"இஞ்சேரப்பா, உமக்கு நான் சொல்லேல்லை. அது முதல்ல தமிழ்ச் சங்கத் தலைவருக்குப் போத்தினது. அவரின்ர மனுசி மடிச்சுத் திருப்பித் தந்ததைத்தான் எனக்குப் போத்தினவை."