எல்வின் வைத்த வேலி

மார்ச் 12, 2024

வெயில் ஏறுவதற்கு முன் நானே வேலியைக் கத்தரித்தேன். எல்வின் இருந்தவரை என்னைத் தொடவிட்டதில்லை. ஹப்சிகுடாவுக்குக் குடிவந்த வருஷம், தொண்ணூற்று நான்கில், மௌலாலி ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரம் ஒடித்த குச்சிகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தார். உண்ணிச்செடி. "இதுக்குத் தண்ணியும் வேணாம், தயவும் வேணாம், கரோலின்." டூட்டி முடிந்து வந்தால் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் அந்தப் பூக்கள் பக்கத்தில் போய் நிற்பார். அவர் போய் மூன்று வருஷம். இலையைக் கசக்கினால் இன்னும் அவர் சட்டைக் கையின் நெடி.

வெட்டியதை வாரிப் பக்கத்துக் காலிமனையில் போட்டேன்.

மார்ச் 16

பால் வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சர்ச் விட்டு வரும்போது சகுந்தலா வீட்டு முன் கூட்டம். பத்து வருஷமாக எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். ஒரு பசு, ஒரு கிடேரிக் கன்று — அவ்வளவுதான் அவள் சொத்து. கன்றுக்கு மூக்குத் தோல் உரிந்திருந்தது. கண் மஞ்சள். "உண்ணி இலை தின்னிருக்கு" என்றார் மாட்டு டாக்டர். கோடையில் பச்சை எது கிடந்தாலும் மேயுமாம்.

நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 19

கன்று செத்துவிட்டது.

மார்ச் 20

மாதாப்பூரிலிருந்து ஜாய்சன் போன், வழக்கம்போல் உருது கலந்து. "கைக்கு மம்மி, எதுக்கு? நீங்க ஏன் போய்ச் சொல்லணும்? யாருக்கும் தெரியாது. நக்கோ, வேணாம்." என் மகனா இப்படிப் பேசுகிறான்? மூன்று நாள் நான் மட்டும் என்ன செய்தேன்?

போனேன். "நான்தான் போட்டேன், சகுந்தலா."

அவள் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தெலுங்கில் சொன்னாள்: "தெரியும்மா. மனையில கிடந்ததைப் பார்த்தேன். உங்க வீட்டுச் செடிதானே. நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

பிறகு: "அந்தச் செடியை எடுத்துடுங்க."

ஏப்ரல் 2

வேலி முன் அரிவாளோடு அரைமணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஸ்கூட்டர் போயாச்சு, சட்டையெல்லாம் குடுத்தாச்சு. இதுவும் போச்சுன்னா அவர்னு சொல்லிக்க எனக்கு என்ன இருக்கு? ஒரு கன்று செத்ததற்கு அப்புறமும் இப்படி நினைக்கிறேனே — வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 9

முதல் மழை. மண் இளகியதும் சகுந்தலா கடப்பாரையோடு வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. "வெட்டினா மறுபடி துளிர்க்கும்மா. வேரோடதான் எடுக்கணும்."

ஜூன் 11

மூன்று நாள் ஆயிற்று. கையெல்லாம் கீறல். கடைசித் தூர் வந்தபோது ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவள் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினாள்.

ஜூன் 23

மல்லாபூரில் அவள் தங்கை வீட்டு வேலியிலிருந்து நொச்சிக் குச்சிகள் கொண்டுவந்தாள். அவள் தெலுங்கில் அது வாவிலி. இடையிடையே நந்தியாவட்டையும் டிசம்பர் பூவும் வைத்தோம். ஜாய்சன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நேட்டிவ், மம்மி. குட்" என்றான். சனிக்கிழமை வந்து இரண்டு குழி தோண்டினான். சகுந்தலாவின் முகத்தைப் பார்க்காமலே தோண்டினான்.

செப்டம்பர் 8

சுவர் வெறிச்சென்று இருக்கிறது. மாலையில் வெளியே போய் நிற்பதில்லை.

பிப்ரவரி 16, 2025

நொச்சி இடுப்பளவு வந்து பூத்திருக்கிறது. ஊதா. தேனீக்கள்.

எப்போதும் கேட்டோடு பால் ஊற்றிவிட்டுப் போகிற சகுந்தலா இன்று உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஸார் எப்படி இருப்பாரு? எனக்கு முகம் மறந்துடுச்சு."

ஆல்பத்தை எடுத்தேன். ஈஸ்டர், பிறந்தநாள், ஜாய்சனின் முதல் ஸ்கூல் நாள் — எல்லாம் அந்தச் செடிகளின் முன்னால். படத்தில் பூ முழுசாக விழ வேண்டுமென்று எல்வின் எங்களைத் தூரத்தில் நிறுத்துவார். டைமரை அமுக்கிவிட்டு ஓடி வந்து தானும் நிற்பார். முகமெல்லாம் கடுகளவு. அவள் பின்னாலிருந்து முன்னாலாகப் புரட்டினாள்.

முதல் பக்கத்தில் இந்த வீட்டுச் சாவி வாங்கிய அன்று எடுத்த படம். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை. பின்னால் வெள்ளையடித்த சுவர் மட்டும். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கையில் வாளியோடு, கேமராவுக்கு வெகு பக்கத்தில் எல்வின். எதற்கோ சிரிக்கிறார்.

சகுந்தலா அதில் விரலை வைத்தாள்.

"இதுலதாம்மா ஸார் நல்லாத் தெரியறாரு."