ஹுவேவுக்கு எழுதிய பதினொரு நோட்டுகள்

வின் லோங்,
14 மார்ச் 1998

தங்கை துயென்னுக்கு,

என் பதினொரு நாட்குறிப்பு நோட்டுகளையும் நீ எரித்துவிட்டாய். கண் அறுவைச் சிகிச்சைக்காக நான் கான் தோ ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது, என் மனைவி ஹுவேயின் திதியன்று, என் வீட்டு முற்றத்தில் தகரப் பீப்பாய்க்குள் போட்டு எரித்தாய். நான் திரும்புவதற்குள் பஸ் ஏறி ராக் யாவுக்கு, உன் மகன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

பக்கத்து வீட்டுக்காரர் தின் எல்லாம் சொன்னார். செத்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று திதிக்கு எரிக்கிற காகிதச் சட்டை, காகித வீடு இவற்றோடு நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டாயாம். "அண்ணியோட பொருள் அண்ணிகிட்டயே போகட்டும்" என்றாயாம்.

அது அவள் பொருள் இல்லை, என் பொருள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், படகுத்துறையில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவன். ஹுவே போன மறுநாள் காலை, பேச ஆளில்லாமல், காபி ஆறுவதற்குள் அவளுக்கு நாலு வரி எழுதினேன். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. முதல் நோட்டில் பெரும்பாலும் மழை, சோறு, தூக்கம் வராதது, இவைதான். ஆனால் அதனால்தான் சாராயத்தை விட்டேன். குடித்ததைக் காலையில் என் கையாலேயே அவளுக்கு எழுத வெட்கமாக இருந்தது. மூன்றாவது நோட்டில் படகில் போனவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வாத்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கரை வரைக்கும் புருஷனைத் திட்டியவள் என் முதல் கதையானாள். மாகாண வானொலியில் வந்த நாலு கதையும் அந்த நோட்டுகளில் விளைந்தவை. ஐந்தாவது பாதியில் நிற்கிறது. இனி எதைப் புரட்டி எழுதுவது?

ஏன் செய்தாய்? எழுத்தில் பதில் வேண்டும். நேரில் வந்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், பதில் வராது.

லுவான்


ராக் யா,
22 மார்ச் 1998

பெரியண்ணாவுக்கு உங்க துயென் எழுதறது.

கண் எப்படி இருக்கு? சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்க. குனிஞ்சு தண்ணிக் குடம் தூக்காதீங்க.

அண்ணா, அட்டையில 'ஹுவே'ன்னு போட்டிருந்தா யாரோடதுன்னு நினைப்பேன்? பிரிச்சா முதல் வரியும் 'ஹுவே, இன்னிக்கு'ன்னு தொடங்குது. அந்த ஒரு வரிக்கு மேல நான் படிக்கல. என் படிப்பு உங்களுக்குத் தெரியாததா? செத்தவங்க பொருளை வீட்டுல பூட்டி வச்சா அவங்க கைக்கு எட்டாதுன்னு அம்மா சொல்லுவாங்களே. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். தப்பு என்னோடதுதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அண்ணியோட கடைசி வாரத்துல அவங்க மீன் புளிச்சாறு கேட்டப்ப நான் வைக்காதது, உப்பு புளி ஆகாதுன்னு டாக்டர் சொன்னதால. மனசு இல்லாம இல்ல. பதினொரு வருஷம் உங்களுக்குப் பொங்கிப் போட்டவளை, 'கேட்டதைக் கொடுக்காம அனுப்பிட்டா'ன்னா எழுதுவாங்க? படகுல போன முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் உங்ககிட்ட இரக்கம் இருக்கு. எனக்குத்தான் இல்ல.

மகன்கிட்ட காஞ்ச மீன் கொடுத்தனுப்பறேன். திட்டறதா இருந்தாலும் சாப்பிட்டுட்டுத் திட்டுங்க.

உங்க துயென்


வின் லோங்,
30 மார்ச் 1998

துயென்,

ஒரு வரிக்கு மேல் படிக்கவில்லை என்கிறாய். புளிச்சாறு விஷயம் முதல் நோட்டில், ஒன்பதாம் நாள் பக்கத்தின் அடியில் இருந்தது. அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆகவே நீ படித்திருக்கிறாய். என் நோட்டு என்று தெரிந்தே எரித்திருக்கிறாய். ஒரு பக்கத்தை ஒழிக்கப் பதினொரு வருடத்தை எரித்தாய்.

ஒழிந்ததா அது? உன் நம்பிக்கைப்படி பீப்பாயில் போட்டதெல்லாம் ஹுவேயின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உன்மேல் நான் சொன்ன புகாரை நீயே கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டாய். இப்போது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் ஒரே பானைச் சோறு தின்றோம். நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை எழுதி வைத்ததால்தான் மறுநாள் உன் கையால் சாப்பிட முடிந்தது. பத்தாம் நாள் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'ஹுவே, இன்று துயென் ஒரே அரிசியை நாலு தடவை களைந்தாள். அழுவது தெரியக்கூடாதென்று தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.' ஒரு தாளைத் திருப்பியிருந்தால் படித்திருப்பாய். திருப்பாமல் எரித்தாய்.

நான் மன்னிக்கவில்லை. இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

தின் அந்தப் பீப்பாயைத் தன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும். இனி என் முற்றத்தில் எதுவும் எரியக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

உன் மகன் உனக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கித் தர வேண்டும். எழுத்து தெரியாத இடத்தில் சொல்லித் தரலாம். திருத்தக் கூடாது.

நான் என் பன்னிரண்டாவது நோட்டைத் தொடங்க வேண்டும். அட்டையில் என் பெயரைப் போட்டாயிற்று.

நீ தினமும் காலையில், அடுப்பு மூட்டுமுன், எழுத வேண்டும். இந்த வீட்டில் நடந்ததில் உனக்கு நினைவிருக்கிற எல்லாவற்றையும். என்னைத் திட்டி எழுது, குறைத்து எழுதாதே. டாக்டர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, முதல் நாள் எழுது. நாலு வரி போதும், ஒரு நாளும் விடக் கூடாது.

அடுத்த திதிக்கு அந்த நோட்டோடு வா. வெறுங்கையோடு வருவதானால் வராதே.

லுவான்