பியற்றிஸின் சுருதியைத் திருத்தப்போன கதை

நோர்பரி,
லண்டன்.

அன்பு மகள் சாருஜாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஒஸ்லோக் குளிரில் நீயும் சுகமாக இருக்க அம்மாளாச்சி துணை. அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, வாய் மட்டும் குறையவில்லை. நீ போனில் சொன்னதுதான் மனதில் கிடந்து அரிக்கிறது. நாலு தந்தி வாத்தியங்களுக்கு நீ எழுதிய இசையைக் கேட்டுவிட்டு அப்பா, நடுவிலே ஒரு வயலின் சுருதி விலகுது பிள்ளை என்றார், நானும் ஓம் என்றேன். உடனே நீ, அரங்கேற்றத்துக்கு முன்னம் அந்த இடத்தை உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திறன் அம்மா என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா.

அதனால், உன் இசை எனக்கும் விளங்கட்டும் என்று, இங்கே நூலக மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் மேற்கத்தியப் பாட்டுக் கூடிப் பாடும் குழுவில் சேர்ந்துவிட்டேன், சிரிக்காதே. பக்கத்தில் மன்னார்ப் பிள்ளை பியற்றிஸ், சின்ன வயதிலிருந்தே மாதா கோயிலில் பாடியவள். முதல் நாளே அவள் என் சுரத்துக்குக் கீழே எங்கேயோ பாடினாள். ஐயோ பாவம், சுருதி தவறிவிட்டாள் என்று நினைத்து, பாட்டு வகுப்பில் செய்வதுபோல அவள் காதடியில் குனிந்து என் சுரத்தைப் பலமாகப் பிடித்தேன். அவளும் மரியாதைக்கு என்னோடு சேர்ந்துகொண்டாள், பாட்டுச் சப்பென்று போனது, நடத்துகிறவர் நிறுத்திவிட்டார். அக்கா, நான் பிழை விடேல்லை, எனக்குத் தந்ததே அந்தக் கீழ்க்குரல்தான், நீங்கள் உங்கடையைப் பிடியுங்கோ என்றாள் பியற்றிஸ். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பப் பாடும்போது கமகம் ஒன்றும் போடாமல் என் சுரத்தை நேராகப் பிடித்தேன். அவள் ஒரு படி இறங்கினாள் பார், நான் அசைக்காத என் சுரமே வேறு முகம் காட்டியது, அதுவரை இனித்தது ஏங்கத் தொடங்கிவிட்டது. தம்புராவை அசையாமல் வைத்துச் சுரத்தை ஓடவிட்டுப் பழகிய காது மகள் இது. சுரம் நிற்க, கீழே உள்ளது நகரும் என்று யார் கண்டது?

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உன் இசையைப் போட்டுக் கேட்டேன். அந்த வயலின் விலகவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது, மற்ற மூன்றும்தான் அதை விட்டுப் போகின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவையும் இருத்திக் கேட்கவைத்தேன், இன்னும் புளிக்குது என்கிறார். முதன்முதல் சீஸ் தின்றபோதும் அப்படித்தான் சொன்னவர், இப்போது அது இல்லாமல் பாண் இறங்காது.

அடுத்த மாதம் உன் அரங்கேற்றத்துக்கு இருவரும் வருகிறோம், மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன். அம்மாளாச்சி உன்னைக் காப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, தலையை மூடிக்கொண்டு வெளியே போ. அந்த வயலினை அங்கேயே நிற்கவிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா நகுலேஸ்வரி