மேபலுக்குக் கத்தி வைக்கவில்லை

ஓட்லண்ட்ஸ்
செப்டம்பர் 14

என் சிட்டுக்கு,

முழங்கால் குளிருக்கு முனகுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் டார்வின் வெயிலில் வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலியோரம் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிறது. சிட்டு என்று கொஞ்சிக் கூப்பிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. போனில் பேசினால் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆறாவதோடு நின்றவள் நான்.

உன் மேபலைப் பற்றித்தான். டார்வினில் ஃபெரட் வளர்க்கச் சட்டம் விடாது என்று, கீரிக்குட்டி மாதிரி இருந்தவளை எங்களிடம் விட்டுப் போனாயே, இந்த நாலு வருஷமும் அவள் அப்பாவின் கம்பளிச் சட்டைக் கைக்குள்தான் தூங்கினாள். மே மாதம் அவர் போனதிலிருந்து என் சட்டைக் கைக்குள் தூங்குகிறாள். ஆகஸ்டில் வால் முடி கொட்ட ஆரம்பித்து இப்போது இடுப்புவரை மழித்த மாதிரி ஆகிவிட்டது, ஓயாமல் சொறிந்துகொண்டாள். பிறகு பருவத்துக்கு வந்த பெட்டை மாதிரி அடியில் வீங்கியது. அப்பாவோடு முயல் பிடிக்கப் போவானே லெஸ், அவன் வந்து வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சீசன் வந்துடுச்சு நோரீன், ஆணோட விடலேன்னா ரத்தம் சுண்டிச் செத்துடும், எங்கிட்ட நரம்பு வெட்டின கடுவன் ஒருத்தன் இருக்கான், குட்டியும் வராது, சூடும் தணிஞ்சுடும், ரெண்டு நாள் குடு என்றான். ஃபெரட் வைத்து முயல் பிடிக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதானே என்று நானும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பிடரியெல்லாம் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது, வீக்கம் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, குட்டியிலேயே அவளுக்குக் கருப்பை, சினைப்பை எல்லாம் எடுத்தாயிற்றே, அவளுக்கு ஏது பருவம்? லெஸ்ஸைப் பிடித்துக் கேட்டால் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, வேட்டைக்குப் போற பெட்டைக்கு யாரு ஆபரேஷன் பண்றா, நான் என்னத்தக் கண்டேன், இனி இழுத்துக்கிட்டுக் கிடக்காதே, ஒரு ஊசியில அனுப்பிடு என்கிறான். உன் கடுவனையும் தூக்கிக்கிட்டு ஓடு, இனி என் வாசப்படி மிதிக்காதே என்று கத்திவிட்டேன். அவனுக்குத்தான் புத்தியில்லை, என் புத்தி எங்கே போயிற்று?

ஹோபார்ட்டில் டாக்டர் பெண் ஸ்கேன் எடுத்தாள். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் பயறளவு ஒரு சுரப்பி, அதில் கட்டியாம். சின்னதிலேயே சினைப்பை எடுத்த ஃபெரட்டுக்கு வயதானால் இப்படி வருவதுண்டாம். வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தால் குணமாகலாம், ஆனால் இது வலதுபக்கக் கட்டி, பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கு, மேசையிலேயே போனாலும் போகலாம் என்றாள். இல்லாவிட்டால் அரிசியளவு ஒரு மருந்தைத் தோலுக்கடியில் வைத்துவிடலாம், முடி வரும், அரிப்பு நிற்கும், வருஷத்துக்கு மேல் தாங்கும், பிறகு மறுபடி வைக்க வேண்டும், ஆனால் கட்டி போகாது, வளர்ந்தாலும் வளரும் என்றாள். உன்னிடம் கேட்டேன். நீ யோசிக்கக்கூட இல்லை, கட்டிய உள்ள வெச்சுக்கிட்டு எப்படிம்மா, எடுத்துடச் சொல்லு, ஒரேயடியா முடிஞ்சுடும் என்றாய்.

மே மாதமும் இதையேதான் சொன்னாய். அந்தப் பெரிய டாக்டரும் உன் அப்பாவின் கட்டி பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கு என்றுதான் சொன்னார். அப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போலாம் நோர், அந்தக் குட்டி தேடும் என்றார். அதை யார் காதில் வாங்கினோம்? நீ போனில் அவசரப்படுத்தினாய், நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒரேயடியாகத்தான் முடிந்தது.

அதனால் இந்த முறை யார் சொன்னதையும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மருந்து வைத்துவிட்டேன். தோளுக்கு நடுவில் தடவினால் ஒரு சின்ன நெரடு தெரிகிறது. கட்டி உள்ளேதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அவள் வீட்டில் இருக்கிறாள். நேற்று முட்டைக் கருவை நக்கித் தின்றுவிட்டு அப்பாவின் காலுறையை இழுத்துக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, உன்னைத் திட்டும்போது பாதி என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டும். வெயிலில் தொப்பியில்லாமல் போகாதே. கிறிஸ்துமஸுக்கு வருவதானால் முன்கூட்டிச் சொல், உன் அறையில் இப்போது மேபலின் கூண்டு இருக்கிறது.

உன் அம்மா
நோரீன்

உறையை ஒட்டப் போனவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அன்றைக்கு நான் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால், இந்த வாட்டில் பூத்ததை உன் அப்பா பார்த்திருப்பாரா?