கோடியாங் தண்டவாளத்துக்கு மேலே

14 மார்ச் 1943, சுங்கைப்பட்டாணி

இன்று முதல்முறையாக ஒரு விமானத்துக்குள் உட்கார்ந்தேன். வாந்தியைத் துடைப்பதற்காக.

மேலே போன சப்பான்காரன் ஒருவன் கக்கிவிட்டான். இருக்கை, வார், காலடி எங்கும் புளித்த சோறு. சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவனுக்கு விமானத் திடலில் கிடைத்த உத்தியோகம் இது. குமட்டலை அடக்கிக்கொண்டு துடைத்தேன். முடித்ததும் நடுவில் நிற்கும் பிடியைத் தொட்டேன். இழுத்தால் பின்னால் வால் அசைகிறது. இன்னொரு முறை இழுத்தேன். அதற்குள் ஒருவன் 'பகேரோ!' என்று சப்பானில் திட்டிக்கொண்டு வந்து அறைந்தான்.

அறைகூடப் பரவாயில்லை. அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆசை வந்ததே. அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

4 ஏப்ரல்

துணிக்கடை அழகப்பன் பசாரில் கூட்டம் போட்டார். சப்பான்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவில் இப்போது எல்லாமே அவர்தான். 'நம்ம பிள்ளைங்க ஆகாயத்துல பறக்கணும்! அலோர்ஸ்டாரில் பயிற்சி, மூன்று வேளைச் சோறு!' ஒரே கைதட்டல். முன்வரிசையில் அவருடைய மகன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு. உங்கள் பையன் பெயரைக் கொடுத்தீர்களா என்று யாரோ கேட்டார்கள்.

'அவனுக்கு இழுப்பு தம்பி,' என்றார்.

போன வாரம் அவன் பந்தாடியதை ஊரே பார்த்தது.

23 மே

பிச்சை மச்சானைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ரப்பர் தோட்டத்துத் திடலில் இலவசப் படம், ஆளுக்குக் கொஞ்சம் அரிசி என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். படமும் இல்லை, அரிசியும் இல்லை. லோரிகள் நின்றன. சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டுமாம். ஆண்களை ஏற்றினார்கள். இராசாத்தி அக்கா மச்சானுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு லோரிக்குப் பின்னால் செம்மண் ரோட்டு முனைவரை ஓடியிருக்கிறாள். நான் போனபோது அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'சட்ட கூட போடலடா அவரு. படம் பாக்கத்தானேன்னு அப்படியே போனாரு.'

அழகப்பனும் அங்கே நின்றாராம். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, 'அழாதீங்கம்மா, மூணு மாசத்துல வந்துருவாங்க' என்றாராம். பறக்கச் சொன்ன அதே வாய்.

11 ஜூன்

பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

13 ஜூன்

சொன்னேன்.

'ஒன் மச்சானைத் தூக்கிட்டுப் போனவன்கிட்டயா போயி பாடம் கேக்கப் போற?'

'பறக்கக் கத்துக்கத்தான்க்கா. அவங்களுக்காக இல்ல.'

'அவன் ஏரோப்பிளேன், அவன் எண்ண, அவன் சோறு. அப்பறம் யாருக்காகடா?'

பெயர் கொடுக்காவிட்டால் அடுத்த லோரியில் நானும் போவேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் நான் பெயர் கொடுத்தது அதற்காக இல்லை. பொய்க்குச் சமமான உண்மையை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் மச்சானுடைய சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

20 ஆகஸ்ட், அலோர்ஸ்டார்

தேர்வு முடிந்தது. பல்லைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார்கள். கடைசியில் எங்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, 'அடி' என்றார்கள். எதிரில் நிற்பவன் கன்னத்தில் நான் அடிக்க வேண்டும், என் கன்னத்தில் அவன். போதும் என்று சப்பான் சார்ஜெண்ட் சொல்லும்வரை.

எனக்கு எதிரே சதாசிவம், பெண்டாங் நெல் வியாபாரி மகன். முதலில் மெதுவாகத்தான் தொட்டோம். சார்ஜெண்ட் கம்பை ஓங்கினான். பிறகு நிஜமாகவே அடித்தோம். ஒரு கட்டத்தில் எனக்கு அவன்மேல் கோபமே வந்துவிட்டது. என்னை எதுவும் செய்யாதவன்மேல்!

இருவரும் தேர்வானோம். இரவுச் சோற்றை மெல்ல முடியவில்லை. சீ.

19 அக்டோபர்

கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஊரைத் தூக்கி இன்னொருவனிடம் கொடுக்கிறார்கள், கருவாட்டுப் பொட்டலம் மாதிரி. நாங்கள் மட்டும் சப்பான்காரனிடமே இருக்கிறோம். அடியும் அப்படியே.

27 ஜனவரி 1944

தனியாகப் பறந்தேன்.

முன்னிருக்கையில் சார்ஜெண்டின் கழுத்து இல்லை. சக்கரம் தரையை விட்டதும் அதிர்வு நின்று, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கீழே விளைந்த நெல், மஞ்சள். கெரியாங் குன்று ஒரு முறம் அளவு. அதற்கப்பால் கடல். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தினேன்.

மேலே இருந்தவரை எதன்மேலும் வெறுப்பு இல்லை. இத்தனை மாதத்தில் அந்தச் சிறிது நேரம்தான்.

இறங்கும்போது விமானம் இருமுறை குதித்துவிட்டது. சார்ஜெண்ட் கம்பால் தோளில் ஒன்று வைத்தான். பிறகு ஒரு சிகரெட் கொடுத்தான். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

9 மார்ச்

புது உத்தரவு. சயாம் ரயில்பாதை வேலையிலிருந்து தப்பி வருகிறவர்கள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வருகிறார்கள். பயிற்சிக்குப் போகும்போது தாழப் பறந்து பார்த்து, இடத்தை வந்து சொல்ல வேண்டும்.

கோடியாங் தாண்டியதும் பார்த்தேன். ஒரு கூட்டம். மச்சான் இருக்கிறாரா என்று தேடினேன். சிலர் கம்பை ஊன்றி நடந்தார்கள். ஒருவன் இன்னொருவனை முதுகில் சுமந்து வந்தான். என் சத்தம் கேட்டதும் எல்லோரும் வரப்போரம் விழுந்து படுத்தார்கள். சுமந்து வந்தவன் மட்டும் படுக்கவில்லை. முதுகில் ஆளோடு அப்படியே நின்று என்னை அண்ணாந்து பார்த்தான்.

என்னைப் பார்த்து நம் ஆட்கள் ஒளிகிறார்கள். என்னைப் பார்த்து!

இறங்கியதும் சார்ஜெண்ட் கேட்டான். 'ஓராங் தக் அடா' என்றேன். மலாயில், ஆள் யாரும் இல்லை என்று.

10 மார்ச்

நேற்றுச் சாயங்காலம் எனக்குப் பின்னால் பறந்து போன சதாசிவம் சொல்லிவிட்டிருக்கிறான். விடிந்ததும் லோரி போனது. பாதிப் பேர் அதற்குள் எங்கோ கலைந்துவிட்டார்களாம். அகப்பட்டவர்களை ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். என்னை முதலில் அடித்தார்கள். பிறகு அவர்களைச் சரக்குப் பெட்டியில் தூக்கி வைக்கச் சொன்னார்கள். அதுதான் தண்டனையாம்.

கால்களில் எலும்பு தெரியும் புண். அந்த நாற்றம் இப்போதும் என் கையில் இருக்கிறது. ஒரு பெரியவர் என் உடுப்பைப் பார்க்கவே இல்லை. 'மெதுவா தூக்குப்பா, கால்ல பட்ராம' என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். தம் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

சதாசிவத்தைக் கேட்டேன். 'நான் சொல்லலைன்னா என்னைய அடிப்பான் பரஞ்சோதி,' என்றான். எனக்கு வாய்த்த நியாயங்களைவிட அது ஒன்றும் மட்டமில்லை.

நாளை மறுபடி கோடியாங் பக்கம் போக வேண்டுமாம். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

11 மார்ச்

விமானத்தில் ஏறவில்லை. கண் சரியில்லை என்றேன். சார்ஜெண்டுக்குப் புரிந்துவிட்டது. விமானிக் கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றி அவன் காலடியில் வைத்தேன். அதே கண்ணாடியால் முகத்தில் அடித்தான். உதடு கிழிந்தது.

இனி ஓடுபாதைக்குக் கல் சுமக்க வேண்டும். பறக்கத் தெரிந்தவன் நான். இனிப் பறக்க மாட்டேன். அழுகை வந்தது, அடிபட்டதற்காக இல்லை.

7 செப்டம்பர் 1945

சப்பான்காரன் தோற்றுவிட்டான். வெள்ளைக்காரனை வரவேற்க அழகப்பன் மாலை கட்டச் சொல்லியிருக்கிறாராம். தோட்டத்து லயத்தில் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அக்கா உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

2 டிசம்பர்

சயாமிலிருந்து அய்யாவு அண்ணன் வந்தார். மச்சானோடு ஒரே லோரியில் போனவர். போன கொஞ்ச நாளிலேயே மச்சான் பேதியில் போய்விட்டாராம். நாங்கள் எதிர்பார்த்த அத்தனை காலமும் அவர் இல்லை. நான் தண்டவாளத்தில் தேடிய முகம் அப்போதே மண்ணுக்குள்.

அக்கா அழவில்லை. அய்யாவு அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவர் போன பிறகு, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

'தப்பிச்சு வந்தவங்கள மேலேருந்து பாத்தியாமே, பக்கத்து வீட்டுப் பாப்பம்மா சொல்லுச்சு. எப்படிடா தெரிஞ்சாங்க?'

'மூஞ்சி தெரியாதுக்கா. நட தெரியும். ஒருத்தர் இன்னொருத்தர முதுகுல சொமந்துக்கிட்டு வந்தாரு.'

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள்.

'சொமக்கவாவது ஆளு இருந்துச்சே,' என்றாள்.

5 டிசம்பர்

தோட்டம் மறுபடி திறக்கிறது. பிச்சை மச்சான் பால் வெட்டிய மர நிரையை 'என் தம்பிக்குக் கொடுங்கள்' என்று அக்கா தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டிருக்கிறாள். நாளைக்குப் போகிறேன்.