பாரிசில் நீ ராசாவாக நின்ற நாள்

இன்று காலை என் மகள் அடி கழன்ற செருப்பொன்றைப் பசை பூசி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த மணம் வீடு முழுக்கப் பரவியதும் எனக்கு உன் மேலுதடுதான் நினைவுக்கு வந்தது. கூத்துக்கு ஒட்டிய ராசா மீசையைப் பிய்த்தெடுத்த பிறகு இரண்டு நாள் சிவந்து தடித்திருந்த உதடு. "மீசை வைச்ச ஆம்பிளையள் பாவமடி" என்று சொல்லிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தேங்காயெண்ணெய் பூசினாய். ஏன் சிரிக்கிறேன் என்று மகள் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், ஆனால் அது உன்னிடம் சொல்லவேண்டிய கதையாக இருந்தது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரான கீரியில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். நான் கலியாணம் கட்டிப் பாரிசுக்கு வந்தேன். நீ அடம்பன் பக்கம் வாழ்க்கைப்பட்டாய். உன் அந்தோனி வயலும் மாடுமாக இருந்தவர். கோயில் பெருநாளுக்கு ஆடும் கூத்தில் எப்போதும் அவர்தான் ராசா. முற்றத்தில் அவர் பாடிப் பழக, நீ அடுப்படியில் நின்று கேட்டே எல்லாப் பாட்டையும் மனப்பாடமாக்கியிருந்தாய். சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது, வழியில் விழுந்த செல் குண்டொன்றில் அவர் போய்விட்டார். ஒரு சொல் பேசிக்கொள்ளக்கூட நேரமிருக்கவில்லை என்று பிறகொருநாள் தொலைபேசியில் சொன்னாய்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்டதும் அதே காணிக்குத் திரும்பி, தகரம் போட்ட கொட்டிலில் குடியேறினாய். திரும்பி வந்த சனம் முதல் பெருநாளுக்குக் கூத்துப் போட விரும்பியது. ராசாவின் பாட்டு முழுவதும் தெரிந்தவர் எவருமில்லை. "எனக்குத் தெரியும்" என்று நீ எழும்பினாயாம். கோயிலடியில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். முதற்பாட்டை நீ முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

அந்தக் கூத்தின் காணொளியைப் பார்த்துத்தான் இங்கே எங்கள் ஊர்ச் சங்கம் உங்கள் கூத்துக் குழுவை அழைக்க நினைத்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவர், "பொம்பிளை ராசா இஞ்ச சரிவராது. ராசாவுக்கு எங்களிட்ட ஆள் இருக்கு. அவ ராணியா வரட்டும்" என்றார். இருபது பேர் இருந்தோம். நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. உனக்குச் சொல்லும் வேலையையும் என்னிடமே தந்தார்கள்.

நீ கோபப்படுவாய் என்று பயந்துகொண்டு பேசினேன். நீ நிதானமாகக் கேட்டாய்: "ராணிக்கு எத்தினை பாட்டு?"

"ரெண்டு."

"ரெண்டு பாட்டுக்கோ பிளேன் ஏறிறது?"

சிரித்தாய். பிறகு குரல் இறங்கியது. "அந்தப் பாட்டெல்லாம் எனக்கு இண்டைக்கும் அவற்ற குரலிலதான் கேக்குது. இன்னொராள் பாட, நான் பக்கத்தில நிக்கமாட்டன். குறை நினையாதை."

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பினேன். கை கதிரையைப் பிடித்திருந்தது. "அவ ராசாவாத்தான் வருவா" என்றேன். "அப்ப ராணி ஆர்?" என்று அதே மனிதர் கேட்டார். யோசிக்காமல் "நான்" என்று சொல்லிவிட்டேன். நான் ஒருநாளும் மேடை ஏறாதவள்.

ஆறு பேருக்கு விசா கேட்டோம். உனக்கும் மத்தளம் அடிக்கும் ஐயாவுக்கும் மட்டுந்தான் கிடைத்தது. மிச்ச வேடங்களுக்கு உணவகங்களில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் வந்தார்கள். ராசாவுக்கென்று முதலில் வைத்திருந்தவர், "அக்கா, நான் மந்திரியா நிக்கிறன்" என்று தானாகவே சொன்னார். விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணித்தியாலமாக்கச் சொன்னார்கள். நீ கதையை ஒழுங்காக வெட்டித் தந்தாய். ராசா போருக்குப் போகுமுன் ராணியிடம் விடைபெறும் காட்சியை மட்டும் தொடவிடவில்லை. எங்கள் வீட்டில் போர்வைகளை விரித்து, சலங்கைக்கு மேல் காலுறை மாட்டி ஆடிப் பழகினோம். அப்படியும் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவி இரண்டு தரம் கதவைத் தட்டினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நீ முடி தரித்து, தோளை நிமிர்த்தி வந்து நின்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர், "அந்தோனி!" என்று கத்திவிட்டார். உங்கள் ஊர்க்காரர், அந்தோனியின் ஆட்டத்தை அறிந்தவர். உன் கால் ஒரு கணம் நின்றது. பிறகு முந்தியதைவிட உரத்துப் பாடினாய்.

விடைபெறும் காட்சியில் என் கையைப் பிடித்தாய். உன் கை குளிர்ந்திருந்தது. நீ பாடியது எனக்கல்ல என்பது தெரிந்தது; நீ அவராக நின்று உன்னிடமே விடைபெற்றுக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே நான் பாடவேண்டிய பாட்டை மறந்துபோனேன். மத்தளம் அடித்துக்கொண்டிருக்கிறது, எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நீ உன் பாட்டைத் திரும்பவும் எடுத்து, என்னை ஒரு சுற்றுச் சுற்றி, காதுக்குள் "போகாதேங்கோ எண்டு துவங்கு" என்றாய். நான் தொடங்கினேன். அழுதுகொண்டுதான் பாடினேன். சனம் அதை நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது.

இங்கேயே நின்றுவிடு என்று எத்தனை பேர் சொன்னார்கள்! நானும் கெஞ்சினேன். "விதைச்சிட்டு வந்தனானடி. வெட்டிறதுக்கு ஆர் இருக்கினம்?" என்றாய்.

விமான நிலையத்தில்தான் எனக்குத் துணிவு வந்தது. முதற் கூட்டத்தில் நான் உனக்காகப் பேசவில்லை என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாய். "அண்டைக்குப் போனில உன்ர குரல் அப்பிடி இருந்தது."

"ஏன் கேக்கேல்லை?"

"பிறகு ராணியா வந்து நிண்டனிதானே. அது எனக்குக் காணும்." என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாய். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாம் நேரில் காணவில்லை. உன் உடம்பில் இருந்த வருத்தத்தை நீ எவருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தபோது உன் அடக்கமும் முடிந்திருந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் ஊருக்கு வந்தேன். உன் வயல் வெட்டி முடிந்து வெறுமையாகக் கிடந்தது. வரம்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சங்கக் கூட்டங்களுக்கு இப்போதும் போகிறேன். யாரையாவது ஓரமாக நிற்கச் சொல்லும் பேச்சு வரும்போது கையைத் தூக்குகிறேன். கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறேன். சொல்லி முடித்த பிறகுதான் திரும்ப அதில் இருக்கிறேன்.