நோவு ஆத்தாளுக்கு, பேச்சு அய்யாவுக்கு

8-2-1966, செவ்வாய்
ஆத்தாளைக் கவுஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வாராவாரம் ஜீப்பில் வருகிற டாக்டர் சேனாதிபதி இன்றும் அய்யாவிடம்தான் கேட்டார். "பசிக்குதா?" "இல்லீங்க." "தூக்கம்?" "இல்லீங்க." நோவு ஆத்தாளுக்கு, பேச்சு அய்யாவுக்கு, ஊசி மட்டும் மறுபடி ஆத்தாளுக்கு. எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். பொம்பளை நோவை ஆம்பளை சொல்ல வேண்டும். "ரத்தம் கம்மி, கீரை குடு" என்றார். மாசக்கணக்காக ரத்தம் கம்மி! தம்பி பிறந்த மூன்றாம் நாளே போனான். அதை அவர் கேட்கவே இல்லை.

ஆத்தா கூக்கால் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதை நான் பார்த்தேன். யாரிடம் சொல்வது?

11-2-1966
அய்யாவின் அக்கா, ராக்காயி அத்தை, வந்திருக்கிறாள். "ஏலே பொன்னுச்சாமி, இது பேய்தான். காட்டுல பூண்டு எடுத்த கையோட அடிவாரத்துக் கோயில்ல சங்கிலி போட்டுக் கட்டிருவோம்." அய்யா தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஏரி விஷயம் தெரிந்தால் நாளைக்கே இழுத்துப் போவார்கள். சொல்ல மாட்டேன். ஆத்தா முந்தானையோடு என் தாவணியை முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். அவள் எழுந்தால் எனக்குத் தெரியும். இப்போதும் முடிச்சு இருக்கிறது.

15-2-1966
டாக்டர் வரவில்லை. கம்பவுண்டர் ராமர் சொன்னார்: "மதுரைக்குப் படிக்கப் போயிருக்காருங்க. மனசு சரியில்லாதவங்கள எப்படிப் பாக்குறதுன்னு டாக்டருங்களுக்கு மூணு வாரம் சொல்லித் தர்றாங்க." அத்தை சிரித்தாள். "நரைச்ச மனுசனுக்குப் பள்ளிக்கூடமாக்கும்!" நானும் சிரித்தேன். பாடம் ஒப்பிக்காவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றுவார்களா? எதிரே இருக்கிறவளை நிமிர்ந்து பார்க்கப் படிப்பு வேறு வேண்டுமா?

22-2-1966
ஆத்தா இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் முடிச்சு இழுத்தது.

8-3-1966
டாக்டர் வந்துவிட்டார். புதுச் சட்டை, அதே மூஞ்சி. அய்யாவை வெளியே நிற்கச் சொன்னார். "அவளுக்குப் பேசத் தெரியாதுங்க." "நீ பேசுனது போதும், போய்யா." என்னை மட்டும் விட்டார்.

பிறகு எங்கள் வகுப்புப் பையன்கள் செய்யுள் ஒப்பிப்பதுபோல, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "செத்துப் போயிரலாம்னு தோணுதாம்மா?"

கிறுக்குப் பிடித்த மனுஷன்! இதையா கேட்பது? வராத நினைப்பும் வந்துவிடாதா?

ஆத்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் தோணுதுங்க. ஏரிக்கே போனேன். இவ நெனப்பு வந்துச்சு, திரும்பிட்டேன்."

அவருக்கு அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆத்தா தம்பியைப் பற்றியெல்லாம் சொன்னாள். "சங்கிலி போடப் போறாங்க சார்" — நானா சொன்னேன்? நான்தான்.

அய்யாவைக் கூப்பிட்டுக் கத்தினார். "இது பேயில்லய்யா, சீக்கு. மாத்திரை குடு. ஏரி வரைக்கும் போயிருக்கா, தனியா விடாத. சங்கிலின்னு கேள்விப்பட்டேன், ஜீப்போட வீட்டுக்கே வந்துருவேன்."

9-3-1966
"ஏரிக்குப் போனாளா புள்ள?" என்றார் அய்யா. தலையாட்டினேன். எழுந்துபோய் ஆத்தாளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

29-3-1966
மாத்திரை தின்று ஆத்தாளுக்கு வாய் உலர்கிறது, பகலெல்லாம் தூங்குகிறாள். இதைத்தான் மதுரையில் கற்றாராம். "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க" என்கிறார். புளுகு. பூண்டு எடுத்தாயிற்று. ஆத்தாளைக் கோயிலுக்கு இழுத்துப்போக அத்தை துணைக்கு ஆள்கூடச் சொல்லிவிட்டாள். பயமாயிருக்கு. அய்யா வாயைத் தொறக்க மாட்டேங்குறாரு.

2-4-1966
அய்யா வாயைத் திறந்தார். "சங்கிலி வேணாங்க்கா." அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

19-4-1966, செவ்வாய்
எனக்கு இருமல். டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அய்யாவிடம் கேட்கிறார்: "எத்தனை நாளா? சளி வருதா?" மூன்று வாரப் படிப்பின் லட்சணம்! இருமலுக்கு இன்னும் பாடம் எடுக்கவில்லை போலிருக்கிறது.

அய்யா பதில் சொல்ல வாயெடுத்தார். ஆத்தா முந்திக்கொண்டாள். "அவளுக்கு வாயி இருக்குங்க. அவகிட்டக் கேளுங்க."

20-4-1966
விழித்தபோது பக்கத்தில் ஆத்தா இல்லை. பதறி எழுந்தேன். முற்றத்தில் பூண்டின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். "வெள்ளனே எந்திரிக்க மாட்டியா? சோலி கெடக்கு" என்று திட்டினாள்.

நேற்று முடிச்சுப் போட மறந்தே போயிருக்கிறேன்.